கிழக்கு நோக்கி வளர்ந்த இறக்கை

ஆகாயத்துக்கு ஆசைப்பட்டவர்கள் உலகில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆசையை பன்னிரண்டடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட ஒரு லைன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, செய்து முடித்ததை எங்கே வைப்பது என்று சாக்கட்டியால் தரையில் கோடு கிழித்துக் கிழித்துப் பார்த்தவள் சண்முகவடிவு ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி, வார்ப்பட ஆலைகளின் கரிவாடையும் புளித்த மாவின் வாடையும் ஒரே காற்றில் கலந்து வீசும் ஒரு சந்தில், மேற்கிலிருந்து கிழக்காக நான்கு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டின் கிழக்குச் சுவரே அடுத்த வீட்டின் மேற்குச் சுவர், ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நான்கு வீட்டிலும் தும்மல், வாசல்கள் நான்கும் வடக்கே பார்த்தவை. மேற்குக் கோடியில் வடிவு தனியாளாக இருந்தாள். அவளுக்கு அடுத்த வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கும் வேலாத்தாள். அதற்கடுத்த வீட்டில் தையற்காரர் ஆரோக்கியராஜும் அவர் மனைவி புஷ்பமும். கிழக்குக் கோடியில், காந்திபுரத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே பேருந்து ஓட்டி ஓய்ந்த மருதாசலமும் அவர் மனைவி ரங்கம்மாளும். அதற்கு அப்பால் வீடில்லை. வேலிக்காத்தான் வளர்ந்த வெற்றிடமும் அதையொட்டி ஒரு மண்பாதையும் கிடந்தன.

வடிவு, பம்பு மோட்டார் செய்யும் ஆலை ஒன்றில் செம்புக்கம்பி சுற்றும் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளராகி ஓய்வுபெற்றவள். அவள் கையால் சுற்றிய மோட்டார்கள் அவிநாசி முதல் உடுமலை வரை கிணறு கிணறாக ஓடின. ஆனால் ஓடின என்று சொல்வது ஒரு வழக்குத்தான், உண்மையில் அவை நின்ற இடத்திலேயே சுழன்றன, சுழன்று சுழன்று தண்ணீரை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் அங்கேயே கிடந்தன. சுழல்கிற பொருள் ஒன்றாவது தானும் சேர்ந்து புறப்பட்டுப் போவதைக் காண வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு எப்போது வந்தது என்பது அவளுக்கே நினைவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில், பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து வாங்கியவரே கோத்துக்கொள்ள வேண்டிய, இருவர் அமரும் சிறிய விமானம் ஒன்றை வரவழைத்தாள். அதற்குரிய அனுமதிகளைப் பொறுமையாக நடந்து வாங்கினாள். பொள்ளாச்சிச் சாலைப் பக்கம் ஓடுபாதை வைத்திருந்த ஒரு விமானப் பயிற்சிக் கழகம், பருவமழை தொடங்குவதற்கு முன் பாகங்களைக் கொண்டுவந்தால் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கித் தருவதாகவும், மழை தொடங்கிவிட்டால் அந்த மூலை வேறொருவருக்குப் போய்விடும் என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தது.

பெட்டிகள் வந்திறங்கிய அன்றே வடிவுக்குத் தெரிந்துவிட்டது, இது விமானத்தைப் பற்றிய வேலையன்று, இடத்தைப் பற்றிய வேலை என்பது. வால் சிறியது, அதை முதலில் செய்து உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். உடல் பெரியது, அதைச் செய்யத் தொடங்கினால் அறையில் வேறெதற்கும் இடமிராது, ஆகவே அது கடைசி. இடையில் வருவது இறக்கை. அது இரண்டு துண்டுகளன்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே முதுகுத்தண்டில் விலாக்கள் கோத்த, முப்பதடிக்கு மேல் நீளமுள்ள ஒற்றை இறக்கை. அதை முடித்து வெளியேற்றாமல் உடலின் பெட்டிகளைப் பிரிக்க வழியில்லை. பிரிக்காத பெட்டிகளின்மேல் பாயை விரித்து அவள் படுத்துக்கொண்டாள்.

யோசித்து யோசித்து அவள் கண்ட வழி, தறியில் துணி நெய்யும் வழி. நெய்பவர் இருந்த இடத்தில் இருக்க, நெய்த துணி நகர்ந்துகொண்டே போகிறதல்லவா, அதைப்போல ஒரே இடத்தில் மேசையைப் போட்டு, அங்கேயே தண்டை ஒரு துண்டு நீட்டி, விலாவைக் கோத்து, தகட்டைப் போர்த்தி, ரிவெட் அடித்து, முடிந்த பகுதியை முன்னே தள்ளிவிட்டு, காலியான இடத்தில் அடுத்த விலாவைக் கோக்க வேண்டும். மேசையைத் தெற்கு வடக்காகப் போட்டால் இறக்கை வாசல் வழியாகவே வளர்ந்து, சந்துக்குள் கொஞ்சம் மூக்கை நீட்டிக்கொண்டு, முடிந்த நாளில் நேராக வெளியே போய்விடும். கணக்கு சரியாக இருந்தது. சாக்கட்டிக் கோடும் சரியாக இருந்தது. பூசையன்றுதான் எல்லாம் திரும்பியது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு தேங்காய் உடைக்காவிட்டால் நன்றாயிராது என்று அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். கற்பூரத் தட்டை ஏந்தி நின்ற வேலாத்தாள் கோட்டைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, தல எந்தப் பக்கம்?"

"எதோட தல?"

"இதோடதானுங்."

"இறக்கைக்கு ஏது வேலாத்தா தல? ரெண்டு முனையும் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டும் தலைதான். ஒண்ணு வடக்க, ஒண்ணு தெக்க. வடக்க தல வெச்சா வெளங்காது; தெக்க தல வெச்சுக் கெடத்தறது ஆரைன்னு உங்களுக்கே தெரியும். எந்தப் பக்கம் எடுத்தாலும் தப்பாவுல்ல இருக்குது!"

"எங்க ஆளுங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லைங்க்கா," என்றார் ஆரோக்கியராஜ். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா புஷ்பம் கட்டிலைக் கெழக்க மேக்கத்தான் போட்டிருக்கா," என்றார்.

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதற்குக் காரணமானவள் என்ற பெயரும், கெடாவிட்டால் பிடிவாதக்காரி என்ற பெயரும் தனக்குத்தான் வரும் என்பதை உணர்ந்த வடிவு, அண்டை அயலாரின் மன அமைதிக்காக மேசையைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டாள். முதல் பகுதி முடிந்ததும் மெல்லத் திருப்பிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் மேசையின் கால்களைக் கொத்தனார் சிமெண்டில் பதித்துவிட்டுப் போன பிறகுதான், தண்டு ஒருமுறை மேசையில் ஏறிவிட்டால் கடைசி ரிவெட் அடிக்கும்வரை அதைத் திருப்பக் கூடாது, திருப்பினால் இறக்கை முறுகிவிடும் என்ற விதி அவளுக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைத் திருத்தியவள் தன் பிழையின் முன் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து முதல் விலாவைக் கோத்தாள். சுவர் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சுவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில். அடுத்த தகட்டை எந்த ஓரத்திலிருந்து போர்த்துவது என்ற சிந்தனையிலேயே அவள் இருந்தாள். கை வழக்கப்படி தள்ளியது, இறக்கையும் வழக்கப்படி நகர்ந்தது. காலியான இடத்தில் ஒரு விலாவைக் கோத்து, இன்னொரு விலாவையும் கோத்து, மறுபடி தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான், அந்தப் பக்கம் ஒரு சுவர் இருக்க வேண்டுமே என்பது அவள் நினைவுக்கு வந்தது. சுவர் இருந்தது. விரிசல் விடவில்லை, காரை உதிரவில்லை. வாய்க்காலில் நிற்பவனின் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்பதுபோல அது இறக்கையைச் சுற்றி நின்றது. வடிவு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தகட்டில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். விழவில்லை. நூல் பிடித்துப் பார்த்தாள், கோணல் இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரலாம் என்று அவள் திரும்புவதற்குள் வேலாத்தாளே வாசலில் வந்து நின்றாள், முழங்கைவரை மாவோடு.

"ஏனுங்க்கா, உங்க ரெக்கை எங்கூட்டுக்குள்ள வந்து நிக்குது."

"எவ்வளவு தூரம்?"

"கிரைண்டர் வரைக்கும்."

"ஒரசுதா?"

"இல்லீங். நாலு வெரக்கடை தள்ளி நிக்குது."

"அப்பச் சரி. இன்னும் வரும். கிரைண்டரைச் சித்த அக்கட்டால தள்ளி வெச்சுக்க."

"செரீங்," என்றாள் வேலாத்தாள். போகும்போது திரும்பி, "ஒறம்பரை வந்தாப்பல வந்துருக்குது. வெறுங்கையா எப்படி உடறது? ஒரு பொட்டாச்சும் வெச்சு உடறன்," என்றாள். விருந்தாளிக்குச் செய்வதைச் செய்யாமல் அவளுக்கு ஆறாது. ஆனால் மஞ்சளும் குங்குமமும் பட்டால் தகடு அரித்துவிடும் என்று வடிவு கறாராகச் சொல்லிவிட்டதால், பொட்டை இறக்கைக்கு வைக்காமல் இடங்கொடுத்த சுவருக்கு வைப்பது என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து இறக்கை எந்தச் சுவரைக் கடந்தாலும் அந்தச் சுவருக்கு ஒரு பொட்டு விழுந்தது.

அதிசயம் என்று சொல்லி வாயைப் பிளந்துகொண்டு நிற்க அந்தச் சந்தில் எவருக்கும் நேரமில்லை. மாவு புளிக்க வேண்டியிருந்தது, ரவிக்கைக்குக் கொக்கி தைக்க வேண்டியிருந்தது, குழாயில் தண்ணீர் வரும்போது பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே இறக்கை வளர்ந்துகொண்டே போனது, அவர்களும் வாழ்ந்துகொண்டே போனார்கள். இடுப்பு உயரத்தில் வீட்டின் குறுக்கே ஓடிய அது ஒவ்வொரு வீட்டையும் முன்கட்டு பின்கட்டு என்று இரண்டாகப் பிரித்ததால், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதனடியில் குனிந்து போகப் பழகினார்கள். எவருக்கும் வணங்காத வேலாத்தாள்கூட ஒரு நாளைக்குப் பலமுறை குனிந்தாள். அதன்மேல் பாத்திரம் வைக்கக் கூடாது, ஈரத்துணி போடக் கூடாது, கை வைக்கலாம் என்பது வடிவு விதித்த சட்டம். வீட்டுக்காரர் வந்து சுவரை முட்டியால் தட்டிப் பார்த்தார், நெடுநேரம் தாடையைத் தடவினார், "ஆணி அடிக்கக் கூடாதுங்கிறதுதான் நம்ம பேச்சு. இது ஆணி இல்லையே," என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு போனார். வார்டு கவுன்சிலர் வந்து, இது மாநகராட்சி எல்லைக்குள் வருகிறதா, வானத்தில் சேருகிறதா என்று கேட்டார். எவருக்கும் தெரியாததால் அவரும் தேநீர் குடித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார்.

புஷ்பத்தின் வீட்டுச் சுவரை இறக்கை நெருங்கியபோதுதான் ஒரு சங்கடம். கிரைண்டர் கழுவிய தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்ற வழக்கில் வேலாத்தாளும் புஷ்பமும் பேச்சை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வருவதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பக்கம் யாராவது இடித்துக்கொள்வார்களே! வேலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு, சுவரிடம் பேசுவதுபோல, "இந்தால ரெக்கை வருது. தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்றாள்.

"பார்த்துத்தான் நிக்கறேன்," என்றது சுவருக்கு அப்பாலிருந்து புஷ்பத்தின் குரல். "மிசினையும் நகர்த்தி வெச்சாச்சு. மெதுவா வரச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு வந்துவிட்டது என்று சொல்வது மிகை. சண்டை வந்துவிட்டது என்பதே சரி. பேசாமல் கிடந்த ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து, இறக்கையின் இரு பக்கமும் நின்றுகொண்டு ஒரு வாரம் தண்ணீர் வழக்கை நடத்தித் தீர்த்தார்கள். அது தீர்ந்ததும் மாவும் குழம்பும் சுவர் தாண்டிப் போக ஆரம்பித்தன.

கிழக்குக் கோடி வீட்டில் அது வேறுவிதமாக நுழைந்தது. மருதாசலத்துக்கு ஒரு பக்கம் வாதம் கண்டு, வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருந்தன. மருத்துவர் நடக்கச் சொன்னார். ரங்கம்மாள் நடக்கச் சொன்னாள். ஆனால், அகலமான பேருந்தை அன்னூர்ச் சந்தைக் கூட்டத்துக்குள் ஒருவர் செருப்பும் நசுங்காமல் ஓட்டியவர், காலை இழுத்து இழுத்து நடப்பதை ஊர் பார்க்க வேண்டாம் என்று கட்டிலிலேயே இருந்துவிட்டார். வாசலைப் பார்க்காதபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னதும் அவர்தான். அவர் திரும்பிக் கிடந்த அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்துதான் ஒரு காலைப்பொழுதில் இறக்கையின் முனை வெளிப்பட்டு, கட்டிலருகே வந்து நின்றது.

அவர் அதைப் பார்த்தார். ஸ்டாண்டுக்குள் நுழையும் புது வண்டியைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தார். இடக்கையை அதன்மேல் வைத்தார். பிறகு, இடக்கையாலேயே வலக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பின்கட்டில் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரங்கம்மாள் தலையைத் தூக்கியபோது, இறக்கைக்கு அந்தப் பக்கம் தன் கணவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டாள். கத்தினால் விழுந்துவிடுவாரோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் அழுதாள்.

அன்றிலிருந்து அவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிழக்கே நாலடி, மேற்கே நாலடி. ஒருநாள் ஏதோ யோசனையில் மேற்கே ஐந்தாவது அடியும் வைத்துவிட்டார். இறக்கைக்கு இடங்கொடுத்த சுவர், அதைப் பிடித்திருந்த கைக்கும் இடங்கொடுத்தது, கைக்குரிய ஆளுக்கும் இடங்கொடுத்தது. அவர் புஷ்பத்தின் வீட்டுக்குள், அளவு பார்த்து வெட்டிப் போட்டிருந்த துணிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

"வாங்கண்ணா," என்றாள் புஷ்பம், கத்தரியைக் கீழே வைக்காமல். "உக்காருங்க. காப்பி போடட்டுமா?"

"சக்கரை கம்மியா," என்றார் மருதாசலம்.

இறக்கையிலிருந்து கையை எடுக்காதவரை எந்தச் சுவரும் தடையில்லை என்பதை இப்படித்தான் எல்லாரும் அறிந்துகொண்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து நின்றால் குளிக்கிறவர்கள் என்ன செய்வது என்று ஆரோக்கியராஜ் ஒரு நியாயத்தை எழுப்பியதால், வருகிறவர் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வர வேண்டும் என்று ஒரு முறையும் ஏற்பட்டது. கவுன்சிலர் கேள்விப்பட்டு மறுபடி வந்தார், ஒரு முறை போய் ஒரு முறை திரும்பினார், ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் அழைத்து வரலாமா என்று கேட்டார். மருதாசலமோ நாள்தோறும் நான்கு வீடுகளுக்கும் ஒரு நடை போய் வந்தார். வேலாத்தாளின் மாவு புளித்த பதத்தைச் சொன்னார். வடிவின் மேசைக்கருகே நின்று, ரிவெட் வரிசை கோணுகிறது என்று குற்றம் சொன்னார். வரிசை கோணவில்லை, அவர் கண்தான் கோணல் என்று வடிவு சொன்னாள். அவரது வலக்கை மெல்ல மெல்ல இறக்கையின் விளிம்பைப் பற்றக் கற்றுக்கொண்டது.

இப்படியாக இறக்கை முடிந்தது. கடைசி ரிவெட்டை அடித்துவிட்டு, தூசு துடைத்து, வடிவு அதை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். மேற்கே இழுத்து வாசல் வழியாக எடுத்துவிடலாமா என்ற நப்பாசை. சுவர் கருங்கல்லாகி இறுக்கிக்கொண்டது. கிழக்கே ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்தாள், தண்ணீராக விட்டுக்கொடுத்தது. ஆட்களை இரு திசையிலும் விட்ட சுவர்கள், இறக்கையை முன்னே மட்டும்தான் விட்டன. ஆக, இறக்கை வெளியேற ஒரே வழி, ரங்கம்மாளின் வீட்டைக் கடந்து, அவளது கிழக்குச் சுவரைக் கடந்து, வேலிக்காத்தான் வெற்றிடத்துக்குப் போவது. வடிவு சொல்லிவிட்டு வரப் போனபோது, ரங்கம்மாள் இரும்புப் பீரோவைக் கிழக்குச் சுவரோடு ஒட்டி, இறக்கையின் முனைக்கு நேர் எதிரே நகர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"பீரோ நவுந்தாத்தான் ரெக்கை போவும்," என்றாள். "பீரோவை நான் நவுத்த மாட்டேன் வடிவக்கா. என்னைய வைய்யோணும்னா வையுங்க."

"ரங்கு, மழைக்கு முன்ன கொண்டுபோய்ச் சேர்க்கலைன்னா அங்க இடம் போயிரும்."

"தெரியுமுங்."

"இது போகலைன்னா உடம்புப் பெட்டியப் பிரிக்கவே முடியாது."

"அதுவுந் தெரியுமுங். ஆனா இது போச்சுன்னா இவுரு மறுபடி கட்டில்ல விழுந்துருவாரு. சொவத்தப் பாத்துட்டுக் கெடப்பாரு. அத நான் இன்னொருக்காப் பாக்க மாட்டேன்." அவள் முதுகால் பீரோவை இன்னும் இறுக்கி அழுத்தினாள். "உங்களுக்கு வானம் வேணும், எனக்கு இந்த நாலு வூடு போதுங்க்கா."

வடிவுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குத் திரும்பித் தரையிலிருந்த கோடுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். இறக்கை இங்கேயே இருந்தால் உடலை எங்கே செய்வது? வாசலில் செய்தால் மழை. உடலின் பின்பகுதியை மட்டும் தனியே செய்தால் நடுப்பகுதிக்கு மேசை இல்லை. இறக்கையை வெட்டி இரண்டாக்கினால் வெளியேறும். ஆனால் வெட்டுண்ட தண்டு மறுபடி எதையும் தாங்காது. எந்த வரிசையில் போட்டாலும் ஒரு கோடு ரங்கம்மாளின் பீரோவில் போய் முட்டியது. நாள்கள் சென்றன, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கியது, அவள் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். முட்டிபோட்டுப் போட்டு முட்டி தேய்ந்த ஒரு முற்பகலில், இறக்கையில் இரண்டு தட்டுக் கேட்டது. மருதாசலம் வந்தார். இறக்கையைப் பிடித்தபடியே மேசையைச் சுற்றி வந்து, தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். அவர் திரும்பும்போது வலது காலை இழுக்கவில்லை, தூக்கி வைத்தார் என்பதை வடிவு கவனித்தாள். எந்த மோட்டாரும் அவள் கைபட்டு இப்படி ஓடியதில்லை. அவள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இறக்கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று சுவர்களையும் கடந்து ரங்கம்மாளிடம் போனாள்.

"இருக்கட்டும் ரங்கு," என்றாள். "பீரோ அங்கயே இருக்கட்டும். அண்ணன் நடக்கட்டும். நான் கழகத்துக்குச் சொல்லிடறேன், இடத்தை வேற ஆருக்காச்சும் குடுக்கச் சொல்லி."

ரங்கம்மாள் பீரோவில் சாய்ந்தபடியே தலைகுனிந்தாள். அதற்குள் மருதாசலத்தின் குரல் எழுந்தது.

"ஏம்மிணி, ரெண்டு பொம்பளைகளும் சேந்து என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறக்கையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சிவந்திருந்தது.

"முப்பது வருசம் வண்டி ஓட்டுனேன். ஒருநாளாச்சும் வண்டிய ஷெட்டுலயே நிறுத்தி வெச்சு அதப் புடிச்சுட்டு நின்னனா? நின்ன வண்டி துருவேறிப் போயிரும். கெளப்பு அம்மிணி."

"வண்டிய உட்ருங்க, நீங்க எதப் புடிச்சுட்டு நடப்பீங்க?" என்றாள் ரங்கம்மாள்.

"இதையேதான்."

"இது போயிருமுங்களே!"

"அது போற வரைக்கும் நானும் போறேன்," என்றார் மருதாசலம். "அதுக்கு மேல என்னன்னு அங்க போய்ப் பாத்துக்கலாம். பீரோவை நகர்த்து."

அவள் நகர்த்தவில்லை. அவரே இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். பீரோ கொஞ்சம்தான் அசைந்தது, அவரும் கொஞ்சம் அசைந்தார். விழப்போகிறார் என்ற பதற்றத்தில் ரங்கம்மாள் பீரோவின் மறுமுனையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இழுத்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிழக்குச் சுவருக்குப் பொட்டு வைக்க ரங்கம்மாளிடமே குங்குமம் கேட்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழ்துளைக் கிணற்றுக்குக் குழாய் ஏற்றிப் போகும் நீண்ட லாரி ஒன்றை மண்பாதையில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரவர் வீட்டில் அவரவர் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்குக் கோடியில் வடிவு, அவளுக்கு முன்னே வேலாத்தாள், நடுவில் புஷ்பம், ஆரோக்கியராஜ், தலைப்பில் மருதாசலம். ரங்கம்மாள் பிடிக்கவில்லை, நகர்த்திய பீரோவின் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "தூக்குங்க," என்றாள் வடிவு. மேசையிலிருந்து இறக்கை எழுந்தது. அவ்வளவு நீளத்துக்கு அது வியப்பூட்டும் அளவு இலேசாக இருந்தது.

"ரைட், போலாம்!" என்று கிழக்கிலிருந்து குரல் வந்தது.

அவர்கள் நடந்தார்கள். வடிவு தன் சுவரைக் கடந்து வேலாத்தாளின் மாவு வாடைக்குள் போனாள். வேலாத்தாள் தன் சுவரைக் கடந்து, தான் ஒருகாலத்தில் முகம் திருப்பிக்கொண்ட வீட்டுக்குள் வலது காலை எடுத்துவைத்துப் போனாள். புஷ்பம் திரும்பி, "பார்த்து, ஊசி கெடக்கும்," என்றாள். இறக்கையின் பின்முனை விட்டு நீங்கிய முதல் சுவர், காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல ஓசையின்றி மூடிக்கொண்டது. வெள்ளையடித்த பரப்பும் அதில் ஒரு குங்குமப் பொட்டும் மட்டும் எஞ்சின. வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. தன் அறையின் நடுவே இப்போது மேசையைத் தவிர ஒன்றுமில்லை, நாளைக் காலை உடலின் முதல் பெட்டியைப் பிரிக்கலாம் என்ற எண்ணம் அவளுக்குள் ஒரு மோட்டாரைப்போல ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் அவள் காது மட்டும் முன்னே, கிழக்குச் சுவரை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் காலடியின்மேலேயே இருந்தது.

சுவரின் முன் மருதாசலம் நின்றார். எல்லாரும் நின்றார்கள். அதற்கு அப்பால் வீடில்லை, காப்பி இல்லை, கதவு சாத்திக்கொள்ளும் வசதியில்லை. தெரு இருந்தது, வெயில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த ஊர் இருந்தது.

"பின்னால ஆருங்க பிரேக்கு?" என்று அவர் அதட்டினார், நின்றது தாமல்ல என்பதுபோல. பிறகு, சுவருக்குள் போனார்.

சுவர் அவரை வாங்கி வெளியே விட்டது. அவருக்குப் பின்னால் புஷ்பம், ஆரோக்கியராஜ், வேலாத்தாள், வடிவு என்று ஒவ்வொருவராக வெயிலுக்குள் வந்தார்கள். கடைசி விரற்கடையும் வெளிவந்ததும் சுவர் மூடியது. ரங்கம்மாள் உள்ளே மாட்டிக்கொண்டாள். "ஐயோ, அவுரு!" என்று அவள் அலறியதும், தடதடவென்று வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடி வரும் காலடியும் கேட்டன.

அதற்குள் லாரிக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார். கண்ணாடியைப் பார்க்காமல் எடுத்தார் போலும். வண்டி நேரே வராமல் வேலிப் பக்கம் சாய்ந்து, இறக்கையின் தலைப்பை நோக்கி வளைந்து வந்தது. வடிவால் இறக்கையை விட்டுவிட்டு ஓடித் தடுக்க முடியாது. பிடித்துக்கொண்டு நகரவும் நேரமில்லை.

"யோவ்! யோவ், நிறுத்து!" என்று ஒரு குரல் வெடித்தது, சத்தியமங்கலம் மலையடிவரை எதிரில் வந்த லாரிகளையெல்லாம் ஒதுங்கவைத்த குரல். "எங்க பாத்து ஓட்டற? லெப்ட்ல ஒடி! லெப்ட்ல ஒடிய்யா! ஆங், இப்ப நேரா. வா... வா... வா..."

வண்டி நிமிர்ந்தது. நேராகப் பின்னே வந்தது. மூலையைத் திரும்பி மூச்சிரைக்க ஓடிவந்த ரங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வடிவு உதட்டில் விரல் வைக்கக் கையில்லாமல், தலையை மட்டும் மெல்ல அசைத்து, வேண்டாம் என்றாள். ரங்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வேலாத்தாள் நின்றாள், புஷ்பம் நின்றாள், ஊரே நின்றது.

இறக்கையின் தலைப்பை ஆரோக்கியராஜ் எப்போதோ தாவி வந்து ஏந்தியிருந்தார். அதிலிருந்து நாலடி தள்ளி, வெயிலில், எதையும் பிடிக்காமல், தலைக்குமேல் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்துக்கொண்டு, வண்டியின் பின்சக்கரத்தைத் தவிர உலகத்தில் வேறெதையும் பார்க்காமல் மருதாசலம் நின்றுகொண்டிருந்தார்.

"வரட்டும்," என்றார். "இன்னும் வரட்டும். எடம் இருக்குது, வா."